பில்ட் ஆச்சா?

எங்கள் அலுவலகத்தில் எனக்கு ‘ஆச்சா’ என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. காபி இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் நின்று பேசினால் இந்தப் பக்கம் கேட்காது என்று நம்புகிற அப்பாவிகள் அவர்கள். பெயர்க் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. மேனேஜர் ஆனதிலிருந்து நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை, நிரல் எழுதும் பிள்ளைகளின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, “பில்ட் ஆச்சா?” என்று கேட்பது.

பில்ட் என்றால், ஆட்கள் எழுதி வைத்த நிரலையெல்லாம் திரட்டி, இயந்திரம் ஓட்டக்கூடிய ஒரே மூட்டையாகக் கட்டுவது. கட்டும்போதே அது தன்னைத்தானே நூற்றுக்கணக்கான சோதனை போட்டுப் பார்த்துக்கொள்ளும். எல்லாம் சரியென்றால் பச்சை. ஒன்று தவறினாலும் சிவப்பு, மூட்டை கிடையாது.

“ஒரு டெஸ்ட் ஃபெயில் ஆகுது சார்.”

“ஒண்ணுதானே? ஸ்கிப் பண்ணிட்டு அனுப்புப்பா. அப்புறம் பாத்துக்கலாம்.”

அந்த அப்புறம் இன்றுவரை வந்ததில்லை.

இப்படிப்பட்ட என்னை எங்கள் குடும்பம் கம்ப்யூட்டர் புலி என்று நம்பிக்கொண்டிருக்கிறது. பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும், டிவியில் சத்தம் வராவிட்டாலும், போனில் எழுத்து எறும்பு சைஸுக்குச் சுருங்கிவிட்டாலும் எனக்குத்தான் அழைப்பு வரும். நானும் போய், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, அணைத்துவிட்டுத் திரும்பப் போடுவேன். பத்தில் எட்டு சரியாகிவிடும். மீதி இரண்டுக்கு, “இது கம்பெனியோட பிரச்சினை” என்று சொல்லிவிட்டு டீ குடிப்பேன். இந்தப் புகழை நான் தேடிப் போகவில்லை, வந்ததைத் தடுக்கவுமில்லை.

அக்காவுக்குத் தொண்டையில் வந்தது மட்டும் அணைத்துப் போட்டால் சரியாகிற வகையில்லை.

அக்கா ஒரு டிரைவிங் ஸ்கூலில் சாலை விதி வகுப்பு எடுப்பவள். அவள் குரலுக்கு மைக் தேவைப்பட்டதே கிடையாது. மாடி வகுப்பறையில் அவள் “நில்!” என்று ஒரு பாடத்தைச் சொன்னால், கீழே தெருவில் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும் சைக்கிள்காரர் ஒரு காலை ஊன்றிவிட்டு மேலே பார்ப்பார். அந்தக் குரல்வளையைத்தான் எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னார். எடுத்தால் உயிருக்குப் பயமில்லை, பேச்சு இருக்காது.

ஆபரேஷனுக்கு முன்னால் இருந்த வாரங்களில் அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. துணி அலமாரிக்குள் உட்கார்ந்துகொண்டாள் என்று மட்டும் தெரியும். பேச்சை இழக்கப் போகிறவர்கள் தங்கள் வாக்கியங்களை முன்கூட்டியே சொந்தக் குரலில் பதிந்து வைத்துக்கொள்ள ஒரு இணையச் சேவை இருந்தது. பிறகு டேப்லெட்டில் அந்த வாக்கியத்தைத் தட்டினால், அது தேடி எடுத்து அவர்கள் குரலிலேயே சொல்லும். எதிரொலி இல்லாத இடம் வேண்டுமென்று சொன்னதால் அக்கா தொங்குகிற துணிகளுக்கு நடுவே லேப்டாப்போடு புகுந்துகொண்டாள். அத்தான் வெளியே காவல். மின்விசிறியை அணைப்பதும் வாசல் மணி அடித்தால் ஓடுவதும் அவர் பொறுப்பு.

முதலில் வீட்டுப் பேச்சு. சாப்பிடலையா, கதவைச் சாத்து, போன் சார்ஜ் போட்டியா. கூடவே, வீட்டில் தினசரிப் புழக்கத்தில் இருக்கும் திட்டுகள் அத்தனையும். அதற்குப் பிறகுதான் வகுப்புக்கானவை.

“திட்டறதையெல்லாம் எதுக்கு வேலை மெனக்கெட்டுப் பதியற?” என்று அத்தான் கதவிடுக்கில் கேட்டிருக்கிறார்.

“பின்ன? நான் பேச முடியாம போனதும் அப்பனும் புள்ளையும் ஜாலியா இருக்கலாம்னு பாத்தீங்களா?” என்று உள்ளேயிருந்து பதில் வந்திருக்கிறது. அதுவும் பதிவாகிவிட்டது. இன்னும் இருக்கிறது.

ஆபரேஷன் முடிந்தது. கழுத்தில் ஒரு துளை, அதன் மேல் பருத்தித் துணியில் ஒரு ஸ்கார்ஃப். ஆஸ்பத்திரியில் கழுத்தில் வைத்துப் பேசும் ஒரு சின்னக் கருவி கொடுத்தார்கள். ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டுக் காகிதத்தில் எழுதினாள்: “சுவத்துல ஓட்டை போடுற மெஷின் என் வாயில வந்து பேசுது. வேணாம்.” டேப்லெட்தான் அவளுக்குப் பிடித்தது. அந்தச் சேவைக்கு ஏதோ ஒரு பறவையின் பெயர் இருந்தது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அது ‘பொட்டி’. பொட்டி “சாப்பிடலையா?” என்று கேட்டபோது, அதுவரை தைரியமாக இருந்த அத்தான் சமையலறைக்குள் போய் ரொம்ப நேரம் பாத்திரம் கழுவினார்.

உடம்பு தேறியதும் அக்கா வேலைக்குத் திரும்ப வேண்டுமென்றாள். டிரைவிங் ஸ்கூல் முதலாளிக்கு அக்கா வைத்த பெயர் ரிவர்ஸ். கொடுத்த வாக்கிலிருந்து பின்னால் போவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கெட்ட மனிதரும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கி வந்தவர்தான். “உங்க கிளாஸ் உங்களுக்குத்தான் டீச்சர்” என்று அன்றைக்குச் சொன்னார். வீட்டுக்கு வந்து பார்த்தபோது, “முடியுமா பாருங்க” என்றார். கடைசியாக, திங்கட்கிழமை பொட்டியை வைத்து ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும், சரிப்பட்டால் வகுப்பு அவளுக்கு, இல்லாவிட்டால் வண்டி ஓட்டச் சொல்லித்தரும் இன்ஸ்ட்ரக்டரே விதிகளையும் நடத்துவார், அக்கா கீழே ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் உட்காரலாம் என்று வந்து நின்றார்.

அக்கா எனக்கு அனுப்பிய செய்தி: “ஜெராக்ஸ் மெஷினுக்குக்கூட வாய் இருக்கு, பேப்பர் சிக்கினா கத்தும். நான் அது பக்கத்துல சும்மா உக்காரணுமாம்.”

அந்த வாரம் பார்த்துத்தானா பொட்டிக்காரர்கள் கடையை மூட வேண்டும்? சின்ன நிறுவனம், கட்டுப்படியாகவில்லை, சேவையை நிறுத்துகிறோம், உங்கள் பதிவுகளை இறக்கிக்கொள்ளுங்கள், மென்பொருளின் மூல நிரலை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறோம், வேண்டியவர்கள் தாங்களே கட்டி ஓட்டிக்கொள்ளலாம் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அத்தான் எனக்குப் போன் செய்தார்.

“மாப்ள, இது ஏதோ ஜாவாங்கிற மொழியில எழுதினதாமே. உங்களுக்குத் தெரியுமில்ல?”

“ஜாவாவா? இதெல்லாம் அரை மணி நேர வேலை அத்தான்” என்றது என் வாய்.

சனிக்கிழமை காலை அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் என் பழைய லேப்டாப்பை விரித்தேன். கூடவே வந்திருந்த குறிப்பில் மூன்றே கட்டளைகள். இறக்கு, கட்டு, ஓட்டு. முதலாவதை அடித்தேன்; நிரல் வந்து இறங்கியது. இரண்டாவதை அடித்தேன். ஜாவா சரியில்லை என்றது. என்னிடம் இருப்பது புதிது, அதற்கு வேண்டியது பழையது. பழையதைத் தேடிப் போட்டேன். மறுபடி அடித்தேன். இப்போது அது இணையத்திலிருந்து துணைக் கோப்புகளை இறக்க ஆரம்பித்தது. பெண் வீட்டுக்காரர்கள் பஸ்ஸிலிருந்து இறங்குகிற மாதிரி, இதோடு முடிந்தது என்று நினைக்க நினைக்க இன்னும் பத்துப் பேர் இறங்கினார்கள்.

“ஆச்சா?” என்றார் அத்தான், என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று.

எனக்கு முதுகில் ஏதோ ஊர்ந்தது.

“ஆகிட்டிருக்கு அத்தான்.”

“ஓகோ.” ஒரு நிமிடம் கழித்து, “இப்போ?”

அவரைக் கடைக்கு அனுப்பி வைத்தேன். அதற்குள் கட்டுமானம் சோதனைக் கட்டத்துக்கு வந்திருந்தது. பச்சை, பச்சை, பச்சை. திரை நெடுகப் பச்சை. கடைசியில் ஒரே ஒரு சிவப்பு. நானூற்றுச் சொச்சம் சோதனையில் ஒன்று தவறிவிட்டது, மூட்டை கட்ட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது.

மறுபடி அடித்தேன். அதே சிவப்பு. லேப்டாப்பை அணைத்துப் போட்டேன், என் குலத்தொழில். அதே சிவப்பு. அந்த மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் கூடும் இணைய மன்றத்தில் போய், அவசரம் என்று போட்டு உதவி கேட்டேன். ஆந்தைப் படம் வைத்திருந்த ஒருவர் உடனே பதில் போட்டார். ஆங்கிலத்தில், நாலே சொல். எந்தச் சோதனை என்று கேட்டிருந்தார்.

நியாயமான கேள்வி. அதற்கு அந்தச் சிவப்பு வரியைப் படிக்க வேண்டும். அது நீளமாக, இடைவெளியே விடாமல், சொற்களையெல்லாம் ஒட்ட வைத்து எழுதப்பட்டிருந்தது. எதிரே அக்கா உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் டேப்லெட். தம்பி பிழையை எழுத்துக் கூட்டிப் படிப்பதை அவள் பார்ப்பானேன் என்று, கட்டளையின் கடைசியில் எனக்கு மனப்பாடமான அந்த ஒரு சொல்லைச் சேர்த்தேன். சோதனையைத் தாண்டிப் போ.

பச்சை. மூட்டை தயார்.

ஆந்தைக்கு, “தீர்ந்துவிட்டது, நன்றி” என்று எழுதிவிட்டு, அக்காவின் பதிவுகளை உள்ளே ஏற்றி, ஓட்டினேன். அவளுடைய டேப்லெட்டை என் லேப்டாப்போடு இணைத்தேன்.

“ஏதாவது அடிக்கா. கிளாஸ்ல பேசறது.”

அவள் யோசித்து யோசித்து அடித்தாள். பொட்டி திணறாமல் பேசியது: “சாவியைத் தொடறதுக்கு முன்னாடி கண்ணாடி மூணையும் பாருங்க. உங்க மூஞ்சியை இல்ல, பின்னாடி வர்ற வண்டியை.”

மாடி வகுப்பறையில் ஒலித்த அதே குரல். அக்கா இன்னொன்று அடித்தாள், இன்னொன்று. எல்லாம் வகுப்பில் சொல்லும் நீள நீளமான வாக்கியங்கள். எல்லாம் பிசகாமல் வந்தன. கடையிலிருந்து திரும்பிய அத்தான் வாசலிலேயே பையோடு நின்றுவிட்டார். அக்கா என் தலையில் கை வைத்து முடியைக் கலைத்துவிட்டாள். நாற்பத்தைந்து வயதில் அப்படி யாராவது கலைத்தால் வேறு எதையும் சோதித்துப் பார்க்கத் தோன்றாது. டீ வந்தது. புலி குடித்தது.

திங்கட்கிழமை நானும் லீவு போட்டுவிட்டு லேப்டாப்போடு போனேன். மாடி அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரெல்லாம் சாலைக் குறிகள், மூலையில் ஒரு இரும்புக் கம்பத்தில் மாட்டிய ஸ்டீயரிங். அது எந்த வண்டியிலிருந்து தப்பித்து வந்ததோ. கடைசி வரிசையில் என் மடியில் பொட்டி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ரிவர்ஸ், கையைக் கட்டிக்கொண்டு. கதவோரம் இன்ஸ்ட்ரக்டர் சாய்ந்து நின்றார். அவருக்கும் இந்த வகுப்பின் மேல் ஆசை ஒன்றும் இல்லை, முகத்திலேயே தெரிந்தது.

அக்கா புது ஸ்கார்ஃப் கட்டியிருந்தாள். டேப்லெட்டை ஒலிபெருக்கியோடு இணைத்து மேஜையில் வைத்துக்கொண்டு, கண்ணாடி வாக்கியத்தில் ஆரம்பித்தாள். வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. அடுத்தது இரண்டு வண்டிக்கு நடுவே விட வேண்டிய இடைவெளி. அடுத்தது மழையில் பிரேக். மூஞ்சி ஜோக்குக்குச் சிரித்தார்கள், இடைவெளிக்குக் குறிப்பெடுத்தார்கள். ரிவர்ஸ் என் பக்கம் சாய்ந்து, “பரவால்லியே” என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன். எனக்கு அடக்கம் நன்றாக வரும், பாராட்டுகிறவர் பக்கத்தில் இருந்தால்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு தையல்காரம்மா வந்தார். கழுத்தில் இஞ்ச் டேப்போடு கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறார். “லேட்டாயிடுச்சு டீச்சர், வரலாமா?”

அக்கா புன்னகையோடு ‘உள்ள வாங்க’ என்று அடித்தாள்.

“போடா கழுதை” என்றது பொட்டி.

தையல்காரம்மா தனக்குப் பின்னால் யாராவது ஆண்பிள்ளை நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்தார். அக்கா டேப்லெட்டைப் பார்த்தாள். சரியாகத்தான் அடித்திருந்தாள். அவசரமாக ‘உட்காருங்க’ என்று தட்டினாள்.

“தொலைஞ்சுபோ.”

“நான் வேணா நாளைக்கு வரட்டுமா டீச்சர்?” என்றார் தையல்காரம்மா, கதவைப் பிடித்துக்கொண்டே.

யாரோ முதல் சிரிப்பை விட்டார்கள். முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற வங்கிக்காரர் நல்ல மனிதர், நிலைமையைச் சமாளிப்போம் என்று கையைத் தூக்கி, “டீச்சர், ரவுண்டானாவுல எந்த வண்டி முதல்ல போகணும்?” என்று கேட்டார். அக்கா நன்றியோடு அவரைப் பார்த்து, ‘நல்ல கேள்வி’ என்று அடித்தாள்.

“போய் குளிடா.”

வங்கிக்காரர் தன் சட்டைத் தோளை முகர்ந்து பார்த்தார். “காலையிலயே ஆச்சே” என்றார் மெதுவாக. அதற்குமேல் யாராலும் அடக்க முடியவில்லை. நாற்காலிகள் கிறீச்சிட்டன. ரிவர்ஸ் எழுந்துவிட்டார்.

“என்ன டீச்சர் இது? பீஸ் கட்டி வந்தவங்க இவங்க!”

அக்காவின் விரல் தானாக ‘மன்னிக்கணும்’ என்று அடித்தது. அடிக்காதே அக்கா என்று கத்த வாயைத் திறந்தேன். பொட்டி முந்திக்கொண்டது. நிதானமாக, தெளிவாக, அக்காவின் அசல் குரலில், முதலாளியைப் பார்த்து:

“கொன்னுடுவேன்.”

வகுப்பு கண்ணீர் வரச் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. அவள் கை மெல்லப் போய் கழுத்து ஸ்கார்ஃபைப் பிடித்துக்கொண்டது. துணி அலமாரிக்குள் வியர்க்க வியர்க்க உட்கார்ந்து சேர்த்து வைத்த குரல். நாலு பேர் நடுவில் அதுவே அவளைக் காட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அவளைக் காட்டிக் கொடுத்தது பொட்டி இல்லை என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. ஒரே ஒரு சிவப்பு.

“நான் அன்னிக்கே சொன்னேன், இது சரிப்படாதுன்னு” என்று ரிவர்ஸ் முன்னால் நடக்க ஆரம்பித்தார். “இனிமே இன்ஸ்ட்ரக்டரே கிளாஸை...”

டமார் என்று சத்தம். அக்கா டஸ்டரால் மேஜையில் அடித்திருந்தாள். சாக்பீஸ் தூள் பறந்தது. அந்தப் புகை நடுவில் அவளுடைய வலது கை நீண்டு, உள்ளங்கை ரிவர்ஸின் முகத்துக்கு நேரே விரிந்து நின்றது. நடுச்சாலையில் போலீஸ்காரர் காட்டுகிற அதே நில்.

ரிவர்ஸ் நின்றுவிட்டார். வாழ்நாள் முழுக்க அதற்கு நிற்கச் சொல்லிக்கொடுத்தே பிழைத்த கால்கள். முதலாளியைக் கேட்காமல் தாமாகவே நின்றுவிட்டன.

அக்கா இடது கையால் அவரை ஓரமாக ஒதுங்கச் சொன்னாள். ஒதுங்கினார். பிறகு என்னைப் பார்த்து, மடியில் இருந்த லேப்டாப்பை ஒரு விரலால் குத்திக் காட்டினாள். அந்த விரலில் வாக்கியம் எதுவும் தேவைப்படவில்லை.

தாண்டிப் போகச் சொன்ன சொல்லை எடுத்துவிட்டுக் கட்டளையை மறுபடி அடித்தேன். சிவப்பு வந்ததும், வாழ்க்கையில் முதல்முறையாக அதை முழுசாகப் படித்தேன். ஒட்டியிருந்த சொற்களைப் பிரித்தால் அவ்வளவுதான் விஷயம்: ஆங்கிலமல்லாத எழுத்தில் உள்ள வாக்கியம் சரியாகக் கிடைக்கிறதா. அந்தச் சோதனையின் நிரலைத் திறந்தேன். மூலமே கையில் இருக்கும்போது திறக்க என்ன தடை. அதுநாள் வரை எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அதன் தலைமாட்டில், ஆந்தையின் பெயர் போட்டு ஒரு குறிப்பு இருந்தது. என் அப்பா பேசிய சொற்களெல்லாம் எங்கள் மொழி எழுத்தில் இருந்ததால் வெறும் கேள்விக்குறிகளாகிப்போயின, இனி யாருக்கும் ஆகக்கூடாது, பழைய கணினியில் இது தவறினால் இந்த ஒரு வரியைச் சேர்க்கவும் என்று.

பழைய ஜாவா, எழுத்தை எப்படிப் படிப்பது என்று நாம் சொல்லாவிட்டால் கணினியைக் கேட்டுக்கொள்ளுமாம். என் பழைய லேப்டாப்புக்குத் தமிழ் தெரியாது. அக்காவின் ஒவ்வொரு எழுத்தையும், காலையும் கொம்பையும் புள்ளியையும்கூடத் தனித்தனியாக, ஒரு கேள்விக்குறியாக மாற்றி வைத்திருக்கிறது. ‘மன்னிக்கணும்’ பன்னிரண்டு கேள்விக்குறி. ‘கொன்னுடுவேன்’ பன்னிரண்டு கேள்விக்குறி. அதற்கு இரண்டும் ஒன்று. வீட்டுத் திட்டுகள் முதலில் பதிந்தவை என்பதால் அவை முந்திக்கொண்டன. நீள வாக்கியங்களுக்கு மட்டும் அளவில் ஜோடி கிடைக்கவில்லை. அதனால்தான் சனிக்கிழமை நான் புலியாக இருந்தேன்.

ஆந்தை சொன்ன வரியைச் சேர்த்துக் கட்டளையை அடித்தேன். பச்சை ஓட ஆரம்பித்தது. மெதுவாக.

நிமிர்ந்து பார்த்தால் வகுப்பைக் காணோம். மேஜை அறையின் நடுவுக்கு வந்திருந்தது. அதுதான் ரவுண்டானா. அதைச் சுற்றி மாணவர்களெல்லாம் வண்டிகள். அக்கா ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று கையாலேயே போக்குவரத்தை நடத்திக்கொண்டிருந்தாள். வங்கிக்காரர், கேட்ட குற்றத்துக்கு, முதல் வண்டி. உள்ளே சுற்றுகிறவருக்கே முன்னுரிமை என்பதைக் காலால் படித்துக்கொண்டிருந்தார். தையல்காரம்மா இஞ்ச் டேப்பை இண்டிகேட்டராகச் சுழற்றியபடி நுழையப் பார்த்தார், உள்ளங்கை நீண்டது, நின்றார்.

“ஹாரன் அடிக்கலாமா டீச்சர்?” என்று கேட்டார்.

அக்கா கண்ணை உருட்டினாள். அதில் கொன்னுடுவேன் தெளிவாகவே இருந்தது.

பிறகு என் பக்கம் திரும்பி, மணிக்கட்டை ஒரு திருப்பு திருப்பி, புருவத்தைத் தூக்கினாள். 

ஆச்சா?

“ஆகலைக்கா” என்றேன்.

ரிவர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தாண்டிப் போகிற அந்தச் சொல் என் விரல் நுனியில் வந்து நின்றது. என்ன கோளாறு என்று தெரிந்துவிட்டது, மருந்தும் போட்டாயிற்று, இனி எதற்கு இத்தனை சோதனை? அலுவலகமாக இருந்தால் எனக்குப் பின்னால் நானே நின்று அதைத்தான் சொல்லியிருப்பேன். அக்கா மறுபடி மணிக்கட்டைத் திருப்பினாள். நான் மறுபடி தலையை ஆட்டினேன். இந்தத் தலையாட்டலை நாற்காலிக்குப் பின்னாலிருந்து எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். பின்னாலிருந்து முகம் தெரியாது என்பதால், அது எவ்வளவு கஷ்டமானது என்று தெரியாமலே போய்விட்டது.

கடைசிச் சோதனையும் பச்சையானது. அக்காவின் பதிவுகளை முதலிலிருந்து ஏற்றி, பொட்டியை ஓட்டிவிட்டுக் கட்டைவிரலைக் காட்டினேன்.

அவள் நாற்காலியிலிருந்து இறங்கி மேஜைக்குப் போனாள். டேப்லெட்டைத் தொடாமல் கொஞ்ச நேரம் நின்றாள். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். தையல்காரம்மா இஞ்ச் டேப்பைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டார். அக்கா அடித்தாள்.

“உட்காருங்க” என்றது அவள் குரல்.

நாற்காலிகளெல்லாம் ஒரே சமயத்தில் நிரம்பின. முதலாளியும் உட்கார்ந்தார்; அவருக்கு நாற்காலி கிடைக்காமல் ஸ்டீயரிங் முன்னாலிருந்த ஸ்டூலில்.

“நல்ல கேள்வி” என்றது குரல், வங்கிக்காரரைப் பார்த்து. அவருக்கு முகமெல்லாம் பல்.

வகுப்பு முடிந்ததும் ரிவர்ஸ் வந்து தொண்டையைச் செருமினார். “ரவுண்டானாவை இவங்க இனி மறக்க மாட்டாங்க. நாளைக்கும் நீங்களே எடுங்க டீச்சர்.”

அக்கா அவரைப் பார்த்தாள். பிறகு சாக்பீஸை எடுத்து, போர்டில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: நாளைக்கு மட்டுமா?

வகுப்பு மொத்தமும் ரிவர்ஸைத் திரும்பிப் பார்த்தது. பின்னால் போக வழியில்லை, பின்னால் ஸ்டீயரிங். “எப்பவும்தான்” என்றார். கதவோரம் இன்ஸ்ட்ரக்டர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்.

“டீச்சர்” என்று தையல்காரம்மா கிளம்பும்போது கிட்டே வந்தார். “அந்தக் கொன்னுடுவேனை மட்டும் எடுத்துடாதீங்க. இண்டிகேட்டர் போட நான் எப்பவும் மறந்துடுவேன். அது காதுல இருந்தா மறக்காது.”

படியில் இறங்கும்போது லேப்டாப்பை மூடவில்லை. மூடினால் பொட்டி நின்றுவிடும் என்று, கல்யாண வீட்டுத் தட்டு மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அக்காவுக்குப் பின்னால் இறங்கினேன். நடுப் படியில் சொல்லிவிட்டேன்.

“அக்கா, சனிக்கிழமையே அது சொல்லுச்சு. நான்தான் படிக்காம தாண்டிட்டேன்.”

அவள் நின்று திரும்பினாள். குனிந்து டேப்லெட்டில் ஏதோ தட்டினாள்.

“போடா கழுதை” என்றது பொட்டி.

மறுபடியுமா? படியிலேயே லேப்டாப்பை நிமிர்த்தி, என்ன கேட்டாள் என்ன வந்தது என்று பொட்டி எழுதி வைக்கும் வரியைத் தேடிப் பார்த்தேன். கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை. அவள் அடித்தது அதுதான்.